அப்பாவுக்கு 94 கிலோ, பிஎஸ்ஏ 3.6. நார்மல் என்று விட்டுவிடலாமா?

செம்பூர்_பாலா:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 66. உயரம் 168 செ.மீ., எடை 94 கிலோ. ரயில்வேயில் ரிடையர் ஆன பிறகு உடம்பு நன்றாகப் போட்டுவிட்டது. முன்பெல்லாம் செடா நகர் முருகன் கோயிலின் 108 படியையும் மூச்சு வாங்காமல் ஏறுவார். இப்போது பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். ராத்திரியில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். அதற்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், ஒரு வருஷத்துக்கு மேலாகச் சாப்பிட்டு வருகிறார்.

போன வாரம் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் பிஎஸ்ஏ பார்த்தோம். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை அது. 3.6 வந்தது. 4க்குக் கீழே இருந்தால் நார்மல் என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கிறது. அப்பா அதோடு ஃபைலை மூடி பீரோவில் வைத்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் கேன்சர் வந்தது. முதுகெலும்புக்குப் பரவி, எழுந்து நடக்க முடியாமல் போன பிறகுதான் தெரிந்தது. அவருக்கும் அப்பாவைப் போலவே பருத்த உடம்பு, பெரிய தொப்பை.

உடல் எடைக்கும் இந்த நோய்க்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா? எடையைக் குறைத்தால் ஆபத்து குறையுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

டோம்பிவிலி_ராஜன்:

பாலா, என் மாமனார் வாழ்நாள் முழுக்க 58 கிலோவைத் தாண்டியதில்லை. அவருக்கும் இதே நோய்தான் வந்தது. அதனால் குண்டாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்று நான் நம்பவில்லை. இன்னொன்றும் படித்தேன்: பருமனாக இருக்கும் ஆண்களிடம் புராஸ்டேட் கேன்சர் குறைவாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது என்று சில ஆய்வுகளே சொல்கின்றன. எடையைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

பரேல்_சுந்தர்:

நான் டாக்டர் இல்லை. பரேலில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிஎஸ்ஏ ரிப்போர்ட்களோடுதான் என் உத்தியோக காலத்தில் பாதி போனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராஜன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வரும். வயது, குடும்ப வரலாறு, பிஆர்சிஏ2 போன்ற மரபணு மாற்றங்கள், இவைதான் முதல் வரிசைக் காரணங்கள். ஆனால் “குறைவாகக் கண்டுபிடிக்கப்படுகிறது” என்றாரே, அந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும்.

பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். அதில் கொஞ்சம் ரத்தத்தில் கசிகிறது. ஒரு மில்லி ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் நாங்கள் அளக்கிறோம். உடம்பு பெரிதானால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும் கூடுகிறது. ஒரே அளவு உப்பை நாலு பேர் ரசத்தில் போட்டால் ஒரு ருசி, பத்துப் பேர் ரசத்தில் போட்டால் வேறு ருசி. இங்கேயும் நடப்பது அதுதான். அறுவை சிகிச்சை செய்துகொண்ட 13,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை அலசி 2007ல் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. சுரப்பி விடும் பிஎஸ்ஏயின் மொத்த அளவு எடைக்கு ஏற்பக் குறையவில்லை. ஆனால் மிகப் பருமனானவர்களின் ரத்தத்தில் அதன் செறிவு சுமார் 10 முதல் 20 சதவீதம் குறைவாகத் தெரிந்தது.

இதோடு முடியவில்லை. பருமனானவர்களுக்குச் சுரப்பியும் பெரிதாக இருப்பது வழக்கம். பெரிய சுரப்பியில் ஊசி போட்டுத் துணுக்கு எடுக்கும்போது (இதுதான் பயாப்ஸி) சின்னக் கட்டி தப்பிவிட வாய்ப்பு அதிகம். விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் அவர்களுக்குச் சுலபமாக அமையாது. மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? பயாப்ஸிக்கு அனுப்பப்படுவதே குறையும், அனுப்பினாலும் கட்டி சிக்காமல் போகலாம். கணக்கில் நோய் குறைவாகத் தெரியும்.

1990களில் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பெரிய தடுப்பு ஆய்வில் பிஎஸ்ஏ கூடியிருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், ஏழு வருஷ முடிவில் எல்லோருக்கும் பயாப்ஸி செய்துகொள்ள ஏற்பாடு இருந்தது. அந்தத் தரவை எடை வாரியாகப் பிரித்து 2006ல் வெளியிட்டார்கள். சாதாரண எடைக்காரர்களோடு ஒப்பிட்டால், பருமனானவர்களிடம் சாதுவான வகைக் கேன்சர் 18 சதவீதம் குறைவு, முரட்டு வகை 29 சதவீதம் அதிகம். எனக்கு இந்த ஒரு கணக்கு போதும். எடை கூடியவர்களுக்கு மொத்தத்தில் நோய் அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். வருகிற நோய் மோசமானதாக இருக்கவும், தாமதமாகத் தெரியவும் வாய்ப்பு அதிகம் என்று சொல்வேன்.

பாலா, இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. சிறுநீருக்காக அப்பா சாப்பிடும் மாத்திரையின் பெயர் என்ன? அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பார்த்து எழுதுங்கள். இன்றைக்கே பாருங்கள்.

செம்பூர்_பாலா:

பார்த்துவிட்டேன் சார். டாம்சுலோசின், டூட்டாஸ்டெரைடு என்று இரண்டு பெயர் இருக்கிறது. ஒரே மாத்திரையில் இரண்டும்.

பரேல்_சுந்தர்:

அதற்காகத்தான் கேட்டேன். டாம்சுலோசினால் பிஎஸ்ஏ மாறாது, அது சிறுநீர்ப் பாதையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான். டூட்டாஸ்டெரைடு சுரப்பியையே சுருக்கும் மருந்து. ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகிவிடும். ஃபினாஸ்டெரைடும் அப்படித்தான். அந்த மருந்தில் இருப்பவருக்கு வரும் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் டாக்டர்கள் படிப்பார்கள். அப்பாவின் 3.6ஐ 7.2 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் எடையால் நீர்த்துப் போனதும் இருக்கிறது. உடன்பிறந்த அண்ணனுக்கு நோய் வந்திருப்பது தனி.

செக்கப் பேக்கேஜில் மாத்திரை பற்றி யாரும் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் 4ஐத் தாண்டினால் தடித்த எழுத்தில் அச்சடிக்கும், தாண்டாவிட்டால் சும்மா விட்டுவிடும். இது எனக்குப் பல வருஷ ஆதங்கம். ரத்தம் எடுக்கும் இடத்திலேயே எடை என்ன, என்ன மாத்திரை என்று இரண்டு கேள்வி கேட்டால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள்.

பயப்பட வேண்டாம். 7 என்றாலே கேன்சர் என்று அர்த்தம் இல்லை. சுரப்பி வீக்கம், சிறுநீர்த் தொற்று, இவற்றாலும் ஏறும். ஆனால் யூராலஜிஸ்டைப் பார்க்காமல் விடக்கூடாத எண் இது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

டோம்பிவிலி_ராஜன்:

சுந்தர் சார், இந்தக் கோணம் எனக்குப் புதிது. சரி, கண்டுபிடிப்பதில் தாமதம் என்பது புரிகிறது. ஆனால் கொழுப்பே கட்டியை வளர்க்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

பரேல்_சுந்தர்:

முழுசாக யாரும் முடிச்சை அவிழ்த்துவிடவில்லை. கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. அது லெப்டின் போன்ற ஹார்மோன்களையும் அழற்சிப் பொருட்களையும் விடுகிறது. தொப்பை கூடினால் இன்சுலின் கூடுகிறது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. இந்தச் சூழலில் முரட்டு வகைக் கட்டிகள் தழைக்கின்றன என்று கருதுகிறார்கள்.

மரணக் கணக்கில் சம்பந்தம் தெளிவாக இருக்கிறது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 9 லட்சம் பேரை 16 வருஷம் தொடர்ந்து 2003ல் வெளியிட்ட ஆய்வில், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 30 முதல் 35 வரை உள்ள ஆண்கள் புராஸ்டேட் கேன்சரால் இறக்கும் ஆபத்து 20 சதவீதம் கூடுதல், 35க்கு மேல் 34 சதவீதம். 2022ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2 லட்சத்துக்கும் அதிகமான பிரிட்டன் ஆண்களின் தரவோடு பழைய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். பிஎம்ஐ 5 கூடினால் மரண ஆபத்து 10 சதவீதம், இடுப்புச் சுற்று 10 செ.மீ. கூடினால் 7 சதவீதம் ஏறுகிறது. தனி மனிதருக்கு இவை பெரிய எண்கள் இல்லை. புகையிலைக்கும் நுரையீரலுக்கும் உள்ள உறவோடு இதை ஒப்பிடவே முடியாது. ஊர் முழுக்கத் தொப்பையோடு திரியும்போதுதான் இந்தச் சின்ன எண்கள் பெரிதாகின்றன.

பாலா அப்பாவின் பிஎம்ஐ 33. மேல்நாட்டுக் கணக்கில் 30க்கு மேல் பருமன். இந்தியர்களுக்கு 23லேயே எடை கூடுதல், 25லேயே பருமன் என்று நம் டாக்டர்கள் 2009ல் வரையறுத்துவிட்டார்கள். ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.யைத் தாண்டக்கூடாது. பேன்ட் சைஸை வைத்துச் சொல்லாதீர்கள். நம் ஆட்கள் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டிக்கொண்டு 38 என்பார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும்.

முலுண்ட்_சிவராமன்:

இந்த இழையைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு வந்து, பார்த்து, இப்போது ஹார்மோன் ஊசியில் இருக்கிறேன். வயது 71. நோய் வரும் முன்பு எடை என்ன செய்யும் என்று பேசுகிறீர்கள். வந்த பிறகு சிகிச்சை எடையை என்ன செய்யும் என்று நான் சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. அது உடம்பில் டெஸ்டோஸ்டிரோனை ஏறக்குறைய இல்லாமலேயே ஆக்கிவிடும். கட்டி அடங்கும். ஆனால் கூடவே தசை கரைந்து கொழுப்பு ஏறும். ஆரம்பித்த முதல் வருஷத்திலேயே கொழுப்பு சுமார் 9 சதவீதம் கூடி, தசை 3 சதவீதத்துக்குக் கிட்டத்தட்டக் குறையும் என்று எனக்குச் சிகிச்சை தருபவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். தராசில் இரண்டு கிலோதான் கூடியிருந்தது. மனைவி பரவாயில்லையே என்றாள். ஆனால் சட்டை பட்டன் வயிற்றில் இழுத்தது, தொடை மெலிந்தது, தரையில் உட்கார்ந்து பூஜை முடித்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. தராசு இதையெல்லாம் காட்டாது. அதனால் ஊசியில் இருப்பவர்கள் இடுப்பையும் அளக்க வேண்டும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நடைப்பயிற்சி மட்டும் எனக்குப் போதவில்லை. பிசியோதெரபிஸ்ட் ரப்பர் பட்டை கொடுத்தார். கதவுப் பிடியில் மாட்டி இழுப்பது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது. ஹார்மோன் சிகிச்சையில் தசையைக் காப்பாற்ற இப்படிப்பட்ட எதிர்ப்புப் பயிற்சிதான் உதவுகிறது. எலும்புக்குப் பரவியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் பாரம் தூக்கக்கூடாது, எலும்பு முறியலாம். சுகர், கொலஸ்ட்ரால், எலும்பு அடர்த்தி மூன்றையும் கூடவே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இந்த வயதில் கேன்சரிலிருந்து தப்பி மாரடைப்பில் போனால் என்ன பிரயோஜனம்?

மாட்டுங்கா_ஜெயா:

சிவராமன் மாமா, நீங்கள் எழுதியதை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. கத்தி வைப்பதற்கு முன்பே சர்ஜன் எடையைப் பற்றிப் பேசினார். வயிற்றுக் கொழுப்பு அதிகமானால் இடுப்புக் குழிக்குள் வேலை செய்வது கஷ்டம், ரத்த இழப்பு கூடும், கட்டியின் விளிம்பு மிஞ்ச வாய்ப்பு கூடும், பிறகு சிறுநீர் கட்டுப்பாடு திரும்பவும் நாளாகலாம் என்றார். முடிந்த பிறகு அவர் சொன்னது இன்னொன்று: “இனிமேல் எடை ஏறக்கூடாது.” எங்கள் வீட்டில் நோயாளி என்றால் நெய்யும் பருப்புமாக ஊட்டித் தேற்றுவதுதான் பழக்கம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஸ்வீட் பாக்ஸோடு வருவார்கள். என் மாமியாருக்குப் பிள்ளை மெலிந்து போனானே என்று அழுகை. அவரைச் சமாதானப்படுத்துவதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

சமையலில் செய்தது அதிகம் இல்லை. குழம்பு, ரசம், மோர் என்று மூன்று தரம் சாதம் போடுவதை ஒரு தரமாக்கி, பொரியலை இரண்டு மடங்காக்கினேன். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல். எண்ணெயைக் கண்ணால் ஊற்றாமல் கரண்டியால் அளக்கிறேன். ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் காலையில் இரண்டு பேரும் நடக்கிறோம். திரும்பும்போது ஸ்டேஷன் பக்கம் போய் டிபன் சாப்பிடுவதை நிறுத்தியதுதான் அவருக்குப் பெரிய தியாகம்.

பரேல்_சுந்தர்:

அந்த சர்ஜன் சொன்னதற்குப் பின்னால் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,300க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி 2011ல் வந்த ஆய்வு அது. சிகிச்சைக்கு ஐந்து வருஷம் முன்பிலிருந்து சிகிச்சைக்கு ஒரு வருஷம் பின்பு வரை 2.2 கிலோவுக்கு மேல் ஏறியவர்களுக்கு, எடை மாறாதவர்களைவிட நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டே கால் கிலோ என்பது ஒரு தீபாவளியிலிருந்து பொங்கலுக்குள் ஏறிவிடக்கூடிய எடை.

ஆனால் எடையைக் குறைத்தால் புராஸ்டேட் கேன்சர் மரணம் குறையும் என்று யாரும் இன்னும் சோதித்து நிரூபிக்கவில்லை. சாப்பாட்டுக்கும் அதே நிலைதான். சாதுவான கேன்சரோடு கண்காணிப்பில் இருந்தவர்களைக் காய்கறி நிறையச் சாப்பிட வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வின் முடிவு 2020ல் வந்தது; நோய் முற்றுவது அதனால் குறையவில்லை. ஜெயா செய்வது இதயத்துக்கு, சுகருக்கு, சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்கு நிச்சயம் நல்லது. அந்தக் காரணங்களே போதும்.

வாஷி_குமார்:

எங்கள் சொசைட்டியில் ஒருவர் புராஸ்டேட்டுக்கு என்று வைட்டமின் ஈ கேப்ஸ்யூல் சாப்பிடுகிறார், எடைக்கும் நல்லதாம். பாலா அப்பாவுக்குக் கொடுத்துப் பார்க்கலாமே?

பரேல்_சுந்தர்:

கொடுக்க வேண்டாம். 35,000 ஆண்களுக்கு வைட்டமின் ஈ, செலினியம் கொடுத்து நடத்திய ஆய்வைப் பலன் இல்லை என்று 2008ல் நிறுத்தினார்கள். பிறகும் தொடர்ந்து கவனித்ததில், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் கேன்சர் 17 சதவீதம் அதிகமாக வந்தது என்று 2011ல் அறிவித்தார்கள். அந்த நண்பரிடமும் தயவுசெய்து சொல்லுங்கள்.

செம்பூர்_பாலா:

எல்லோருக்கும் நன்றி. யூராலஜிஸ்டைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். சுந்தர் சார் சொன்னபடியே நடந்தது. டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார், ரிப்போர்ட்டின் ஓரத்தில் பேனாவால் 3.6ஐ இரண்டால் பெருக்கி 7.2 என்று எழுதி அப்பா பக்கம் திருப்பி வைத்தார். அதுவரை “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா அதன் பிறகு பேசவில்லை. சிறுநீரில் தொற்று இல்லை என்று பார்த்துவிட்டு எம்ஆர்ஐ எடுத்தோம். ஒரு இடத்தில் பிராட்ஸ் 4 என்று சந்தேகம் (எம்ஆர்ஐயில் கேன்சர் சந்தேகத்தை 1 முதல் 5 வரை குறிக்கும் அளவு அது). அடுத்தது பயாப்ஸி. இடுப்பையும் நீங்கள் சொன்ன மாதிரி அளந்தேன், 111 செ.மீ.

அப்பா நேற்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். ஆபரேஷன் என்றால் அதற்குள் பத்துக் கிலோ குறைத்துவிட வேண்டும் என்கிறார். இது சரியா?

முலுண்ட்_சிவராமன்:

வேண்டாம் தம்பி. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும். சிகிச்சைக்கு முன்னால் தசையை இழந்தால் பிறகு திரும்பப் பிடிப்பது இந்த வயதில் ரொம்பக் கஷ்டம். ராத்திரி இரண்டு தோசை, சாம்பார், ஒரு கிண்ணம் தயிர், அல்லது முட்டை சாப்பிடட்டும். சர்க்கரையையும் வறுத்ததையும் நிறுத்தினால் போதும். தினமும் நடக்கட்டும். படி ஏறுவதை மெதுவாகத் தொடரட்டும்.

பரேல்_சுந்தர்:

அதையேதான் நானும் சொல்வேன். முதலில் பயாப்ஸி முடிவு வரட்டும். சாதுவான வகை என்றால் ஆபரேஷனே இல்லாமல் கண்காணிப்பில் வைக்கலாம், எடை குறைக்க நிதானமாக நேரம் கிடைக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, ஆஸ்பிரின், சுகர் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் பயாப்ஸி தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். அப்பா எந்த முயற்சியும் எடுக்காமல் தானாக எடை இறங்கினாலோ, முதுகிலோ இடுப்பிலோ ராத்திரியில் விடாமல் வலித்தாலோ காத்திருக்காதீர்கள். பரவிய நோயில் உடம்பு தானாகவே உருகும். “நல்லவேளை, இளைத்துவிட்டார்” என்று வீட்டில் சந்தோஷப்பட்டு மாதங்களை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செம்பூர்_பாலா:

பெரியப்பாவுக்கும் அப்படித்தான் சார் நடந்தது. இளைத்த பிறகு எல்லோரும் பாராட்டினார்கள். இப்போது அவர் பிள்ளைகள் இரண்டு பேரையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பெரிய அண்ணனுக்கு 47 வயது, 98 கிலோ. சிறுநீர்ப் பிரச்சினை எதுவும் இல்லை, புராஸ்டேட் மாத்திரையும் இல்லை. முடி கொட்டுவதற்கு மட்டும் ஏதோ மாத்திரை சாப்பிடுகிறார்.

பரேல்_சுந்தர்:

அந்த அண்ணனின் சொந்த அப்பாவுக்கே நோய் வந்திருப்பதால் அவருக்கு 47 வயது சீக்கிரம் இல்லை, பார்த்துக்கொள்ளட்டும். முடிக்கு என்று கொடுப்பது பெரும்பாலும் ஃபினாஸ்டெரைடு 1 மில்லிகிராம்தான். சின்ன டோஸ் என்று நினைக்க வேண்டாம், அதுவும் பிஎஸ்ஏயைக் கிட்டத்தட்டப் பாதியாக்கும். ரத்தம் கொடுக்கும்போது மாத்திரையின் பெயரையும், எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறார் என்பதையும், எடையையும் படிவத்திலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.